மோட்டார் நிற்கும் நேரத்தில் இருசம்மாள் அக்கா என்ன செய்கிறார்?

தலைமை நாற்காலியில் அமர்ந்து, தெருச் சண்டைகள் எல்லாவற்றையும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தே தீர்த்து வைக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் தாஜுதீன் பாய் அவர்களே! மேடையை அழகுபடுத்தும் முல்லை நகர்ப் பெரியோர்களே! உலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஒரு காதை என்னிடமும் மறு காதைத் தெருக் குழாயிடமும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே! நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றேதான் கேட்போம் என்று பின்னால் நிற்கும் அண்ணன்மார்களே! என் தோழிகளே! இந்தக் கூட்டத்தில் எங்கோ அமர்ந்திருக்கும் என் அப்பாவே! உங்கள் அனைவருக்கும் பத்தாம் வகுப்புப் படிக்கும் கலைமதியின் பணிவான மாலை வணக்கம்.

நம் சங்க விழாவில் பேச 'காவிரியின் பெருமை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். எழுதினேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா கைதட்டினார். அந்தத் தாள் வீட்டில் இருக்கிறது. என் கையில் இருப்பது வேறு தாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதியது. அவசர அவசரமாக எழுதியதால் சில இடங்களில் எனக்கே எழுத்துப் புரியாது. நடுவில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்குப் பெருமை இல்லையா? யார் சொன்னது இல்லையென்று! மலைக்கோட்டை உச்சியில் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவே இரண்டும் இரு கையால் ஏந்திய பிள்ளைபோல் திருவரங்கம்! அதைப் பாடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அன்பர்களே, எடமலைப்பட்டி புதூரில், மதுரை ரோட்டோர மேட்டில் இருக்கும் நம் முல்லை நகருக்கு அந்தக் காவிரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? நான்கு நாள் என்பீர்கள். ஆபிதா அக்கா ஐந்து என்பார். அதை நீங்கள் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் நம் உலையில் கொதிக்கும் தண்ணீர் எது? நம் துணியை வெளுக்கும் தண்ணீர் எது? நம் தாகத்தைத் தணிக்கும் தண்ணீர் எது? அதுவும் ஓர் ஆறுதான். கரையில்லாத ஆறு, படித்துறையில்லாத ஆறு, பாலமில்லாத ஆறு! நம் காலுக்குக் கீழே, பாறைக்கும் பாறைக்கும் நடுவே கசிந்து வரும் அந்த ஆற்றை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? இந்தத் தெருவில் ஒரே ஒருவர் தினமும் பார்க்கிறார். நம் ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் ஆபரேட்டர் இருசம்மாள் அக்கா!

சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. தெரிந்துதான் சொல்கிறேன். இந்த விழா முடிந்ததும் நம் சங்கம் நான்காவது தீர்மானத்தை எடுக்கப் போகிறது. 'மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுத் தூங்கும் ஆபரேட்டர் இருசம்மாளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும்' என்ற மனு அது. ஒப்பந்த வேலை. எடுத்தால் எடுத்ததுதான், வேறு இடம் கிடையாது. மனுவில் எழுபத்தாறு கையெழுத்து இருக்கிறது. முதல் கையெழுத்து என் அப்பா பெரியண்ணனுடையது. மனுவின் எழுத்து அச்சுப்போல இருக்கிறதே என்று பாராட்டினீர்களே, அது என் எழுத்து. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அதை எழுதியதற்கு மறுநாள் அப்பா என்னை ஒரு வேலைக்கு அனுப்பினார்.

"கலை, ஸ்கூல் விட்டு வரப்ப மோட்டார் ரூம் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வா. அந்தம்மா பாயைப் போட்டுப் படுத்திருக்கான்னு பார்த்து வந்து சொல்லு."

போனேன். பாயும் இல்லை, தலையணையும் இல்லை. போர் குழாயின் பக்கத்தில் இருசம்மாள் அக்கா குத்த வைத்து உட்கார்ந்து, நீளமான இரும்பு டேப்பில் நீலச் சாக்பீஸைப் பூசிக்கொண்டிருந்தார், குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோல்.

"என்ன பாப்பா, யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலைக்கா. சும்மாத்தான்..."

"சும்மா இங்க யாரு வர்றா? நான் தூங்குறனான்னு பார்க்கத்தான் வருவாங்க. பார்த்துட்டேல்ல? அந்தம்மா முழிச்சுக்கிட்டுதான் இருக்குதுன்னு போய்ச் சொல்லு."

வெட்கமாக இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. டேப்பில் ஏன் சாக்பீஸ் என்று கேட்டேன்.

"நூத்தைம்பது அடியில இருக்கறதை நான் எட்டியா பார்க்க முடியும்? இது போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும்."

டேப்பை நூற்றைம்பது அடிவரை குழாய்க்குள் இறக்கினார். மேலே சுருட்டினார். கடைசி எட்டு அடியில் சாக்பீஸ் நனைந்து கறுத்திருந்தது. நூற்றைம்பதில் எட்டுப் போனால் நூற்று நாற்பத்திரண்டு. தண்ணீர் நிற்கும் ஆழம் அதுதான். அவ்வளவுதானா? அவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்பு படித்த இருசம்மாள் அக்கா அந்தக் கழித்தல் கணக்கை ஒரு நாளைக்கு நான்கு முறை போடுகிறார். ஆறு வருடமாகப் போடுகிறார்! மழை பெய்தாலும் போடுகிறார். அப்போது குடையைத் தன் தலைக்குப் பிடிப்பதில்லை. சாக்பீஸ் நனையாமல் குழாயின் வாய்க்குப் பிடிக்கிறார்!

"அப்ப ஏன்கா மோட்டாரை நிறுத்துறீங்க? தெருவே திட்டுதே?"

"மோட்டார் தொங்குறது நூத்தறுபது அடியில. ஓட ஓடத் தண்ணி இறங்கும். நூத்தைம்பத்தஞ்சு வந்துச்சுன்னா நிறுத்திடுவேன். அதுக்கு மேல ஓட்டினா காத்தைத்தான் இழுக்கும், மோட்டார் கருகிப்போகும். அப்புறம் புது மோட்டார் வர்ற வரைக்கும் இதே தெரு குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போகும்? திட்டு வாங்கினா எனக்கு மட்டும்தானே வலிக்கும்? வாங்கிக்கறேன்."

கேட்டீர்களா தாய்மார்களே! நாம் திட்டினோம், அவர் அளந்தார். நாம் மனு எழுதினோம், அவர் மட்டம் எழுதினார். மோட்டார் நின்றது உண்மை. அக்கா நின்றாரா? ஒரு நாளும் நிற்கவில்லை!

அப்படியானால் தண்ணீர் ஏன் குறைந்தது? போன வருடம் மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் இந்த வருடம் ஏன் ஒன்றரை மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது? இந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. அக்கா கேட்டார். தன் நோட்டைத் திருப்பி என்னிடம் ஒரு வரிசையைக் காட்டினார்.

"பாரு பாப்பா. எல்லா நாளும் காலையில நூத்து நாற்பத்திரண்டு. புதன்கிழமை காலையில மட்டும் நூத்து முப்பத்தெட்டு. நாலு அடி மேல வந்து நிக்கும். செவ்வாக்கிழமை யாரோ சும்மா இருக்காங்க. யாருன்னுதான் தெரியலை."

அன்பர்களே, செவ்வாய்க்கிழமை நம் பகுதியில் எது மூடியிருக்கும்?

எனக்குத் தெரியும். மோட்டார் ரூமின் சுவருக்கு அந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் வரிசையில் நின்று குளிக்கும் இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. என் அப்பாவின் வாட்டர் சர்வீஸ். போன வருடம்தான் எங்கள் போரை ஆழப்படுத்திப் பெரிய மோட்டார் இறக்கினோம்.

அக்காவிடம் நோட்டை வாங்கிக்கொண்டேன். லால்குடியில் அத்தை மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் கடை அடைத்தோமே, அந்தத் தேதிகளை நோட்டில் தேடினேன். முதல் நாளுக்கு மறுநாள் காலை நூற்று முப்பத்தெட்டு. அடுத்து நூற்று முப்பத்து மூன்று. அதற்கும் அடுத்து நூற்று இருபத்தொன்பது! கல்யாண வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே பூமிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"அக்கா, இது எங்க அப்பா போர்க்கா. உங்களுக்குத் தெரியும்தானே?"

இருசம்மாள் அக்கா நோட்டை மூடினார்.

"தோணும் பாப்பா. தோணுறது வேற, அளந்தது வேற. உங்க மோட்டார் எப்ப ஓடுது, எப்ப நிக்குதுன்னு என் நோட்டுல இல்ல. அளக்காததை நான் யார் மேலயும் சொல்ல மாட்டேன்."

"உங்க வேலை போயிடும்க்கா!"

"போகட்டும். இன்னொருத்தர் பொழப்பு மேல சந்தேகத்தைத் தூக்கிப் போட்டு என் வேலையைக் காப்பாத்திக்கணுமா?"

பெரியோர்களே, இப்படி ஒரு மனுஷியை எங்கே தேடுவீர்கள்? எழுபத்தாறு பேர் அளக்காமல் அவரைப் பற்றி எழுதினோம். அவர் ஒருவரைப் பற்றியும் அளக்காமல் பேச மறுத்தார்!

அப்படியானால் அளப்போம் என்றேன். போன சனிக்கிழமை அளந்தோம். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார் அக்கா. "நான் பாட்டுக்குத் தண்ணியை அளக்கறேன். நீ பாட்டுக்கு உங்க மோட்டார் ஓடுற நேரத்தை எழுது. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது. பார்த்தா கை தானா சேர்த்து எழுதும்." அன்று காலை தெரு மோட்டாரை ஓட்டி நிறுத்திய பிறகு, சாயங்காலம் வரை அக்கா அரை மணிக்கு ஒருமுறை டேப்பை இறக்கினார். நான் அப்பாவின் ஷெட்டில் கணக்குப் பாடம் போடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். "என்ன கலை, இன்னிக்கு இவ்வளவு படிப்பு!" என்று அப்பா சர்பத் வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

சாயங்காலம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எங்கள் மோட்டார் பத்தரைக்கு ஓடியது, அங்கே மட்டம் இறங்கியது. சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள், மட்டம் ஏறியது. இரண்டரைக்கு ஓடியது, மறுபடி இறங்கியது. ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. இரண்டு நோட்டும் இதோ என் கையில். தாஜுதீன் பாய் அவர்கள் முன்னால் வைக்கிறேன்.

என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன கோடையில் ஷெட்டுக்கு வெளியே குழாய் வைத்து, குடத்தோடு வந்த எல்லோருக்கும் தண்ணீர் விட்டவர் அவர். நீங்கள் பிடித்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். தன் இடத்தில் தன் உழைப்பில் போர் போட்டார். மண்ணுக்கு மேலே சுவர் இருக்கிறது, மண்ணுக்குக் கீழே சுவர் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இருசம்மாள் அக்கா தூங்குகிறார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நம்பியதைத்தான் எழுதச் சொன்னார். நானும் நம்பித்தான் எழுதினேன்.

அதனால் சபையோரே, நான் எழுதிய மனுவை நானே திரும்பக் கேட்கிறேன். நான்காவது தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன் இந்த இரண்டு நோட்டையும் படியுங்கள். எடுக்க வேண்டியது இருசம்மாள் அக்காவை அல்ல. எழுத வேண்டியது ஒரு நேரக் கணக்கு. தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்னால் எங்கள் மோட்டார் ஓய்வெடுக்கட்டும். எங்கள் வண்டிகள் கழுவும் நேரத்தில் தெரு மோட்டார் ஓய்வெடுக்கட்டும். எத்தனை மணி என்று அக்கா அளந்து சொல்லட்டும். அளப்பதற்கு இந்தத் தெருவில் அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்பா, இதை வீட்டிலேயே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நான்கு நாள் முயன்றேன். நீங்கள் முகம் பார்த்துச் சிரித்ததும் வாய் வரவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்ட தவற்றை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. என் அளவு தப்பு என்றால் நாளைக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். டேப்பை நீங்களே இறக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், திட்டாமல் கேட்ட தாய்மார்களுக்கும், கடைசிவரை நின்றே கேட்ட அண்ணன்மார்களுக்கும், இங்கே வரக்கூட நேரமில்லாமல் இந்த நிமிடமும் குழாயடியில் அளந்துகொண்டிருக்கும் இருசம்மாள் அக்காவுக்கும் என் நன்றியும் வணக்கமும். நான் மேடையை விட்டு இறங்குகிறேன். இறங்கி நேரே உங்களிடம்தான் வருகிறேன், அப்பா. பக்கத்து நாற்காலியை எனக்கு வைத்திருங்கள்.