தன் பக்கம் தள்ளிய வேலி

புத்தூரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில் இருந்தேன். முன் சீற்றில் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் கோபமாகச் சொன்னார்:

“பக்கத்து வளவுக்காரன் எல்லை வேலியைத் தன்ரை பக்கம் ஒரு முழம் தள்ளி அடைச்சுப்போட்டான், அண்ணை. கள்ளன்.”

மற்றவர் திரும்பிப் பார்த்தார்.

“தன்ரை பக்கமோ? அப்ப உனக்கெல்லோ காணி கூடியிருக்கு.”

“அதுதான் பிரச்சினை. புது நகரத் திட்டத்திலை வெள்ள வாய்க்கால் அந்த முழத்துக்குள்ளாலைதான் போகுதாம். அந்த முழத்துக்குக் காணிக்காரன் ஆரோ, அவன்தான் வாய்க்கால் கரையிலை இன்னும் இடம் விட்டு வீடு கட்டோணுமாம். விட்டா, மகளுக்குக் கட்டுற வீட்டிலை சமைக்கக் குசினி இல்லை.”

“அவனோடை கதைச்சுப் பாத்தனியோ?”

“கதைச்சனான். ‘அண்ணை, அது உங்கடை காணி, நீங்களே வைச்சிருங்கோ’ எண்டு சிரிக்கிறான். முந்தி ஒருநாளும் என்னை அண்ணை எண்டு கூப்பிட்டதில்லை.”

“அப்ப நீ வேலியைப் பழைய இடத்திலை அடையன்.”

“ஏலாது.”

“ஏன்?”

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த முழம் என்ரை எண்டு கன வருசமா கோட்டிலை வழக்காடி, போன மாசம்தான் வெண்டனான்.”