நின்ற பிறகும் ஓடிய எஞ்சின்

பட்டாசு ஆலையில் இருப்பவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை. எந்த அறையில் என்ன வேலை நடக்கிறது என்பதை விஸ்வநத்தத்தில் எங்கள் ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே என்னால் சொல்லிவிட முடியும். வண்டிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தலையைத் திருப்புவோம். கேட்டுக்கு வெளியிலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முப்பது வருஷமாக நானும் என் மொபெட்டை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்துதான் போகிறேன்.

என் தம்பி மகேஷ்குமாரின் புதுக் காரை மட்டும் வாட்ச்மேன் உள்ளே விட்டார். அது வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டு ஓட்டுவது. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரி தீர்ந்தால் அது வேலை செய்யும் என்று தம்பி சொல்லியிருந்தான். சத்தம் இல்லை, ஆகவே நெருப்பும் இல்லை என்று வாட்ச்மேன் முடிவு செய்துகொண்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போர்மேன் முனியராஜை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் தப்பில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் இந்த அய்யாதுரை புத்தி கலங்கிப்போனான் என்று நினைக்க வேண்டாம்.

அப்பா இறந்தபோது ஆலை லைசென்ஸைத் தம்பி பெயருக்கு மாற்றினோம். கல்லூரிக்குப் போனவன், அதிகாரிகளிடம் பேசத் தெரிந்தவன் என்று நான்தான் சொன்னேன். ஆலையை நடத்தியது நான். எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் அவன் சூலக்கரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்வந்தான். முழுச் சார்ஜில் கிளம்புவான். எழுபது கிலோமீட்டர் ஓடும் என்பான். சூலக்கரை போய்வர அறுபதுகூட ஆகாது.

அப்படியிருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு வாசலில் வந்து நின்ற கார் உறுமத் தொடங்கியது. நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடிவிட்டுத் தானாக அடங்கியது.

"ஏலே, வண்டிதான் நின்னுருச்சே, பெறகு என்னத்துக்கு உறுமுது?" என்று கேட்டேன்.

"அதுவும் உங்கள மாதிரிதாண்ணே. சோலி இல்லன்னாலும் உறுமிக்கிட்டுத்தான் கெடக்கும்."

உள்ளே அவன் மனைவி அனுப்பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வெள்ளியும் உறுமியது. பேட்டரி தீர்ந்திருக்கிறது, அப்படியென்றால் மதுரை வரை போயிருக்கிறான். ஆலையை மொத்தமாக வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருப்பதாகச் சீசனுக்குச் சீசன் பேச்சு வரும். விற்க அவன் கையெழுத்து போதும், என்னுடையது தேவையில்லை. மூன்றாவது வெள்ளி உறுமவில்லை. வழியில் எங்கோ சார்ஜ் போட்டு மறைத்திருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காருக்குள் திரை காட்டுமாம். நான் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி வண்டிக்குள் எட்டிப் பார்ப்பது அழகல்ல.

கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் சாயங்காலமே தண்ணீரில் நனைத்து அழித்துவிடுவோம். ஈரக்காற்றில் ஓர் இரவு கிடந்த மருந்து கை பட்டாலே வெடிக்கும், எங்கள் பக்கம் யாரும் அதைத் தொடுவதில்லை. அலுவலகத்திலேயே இருந்த தம்பிக்கு இது காதோடு சரி.

நான்காவது வாரம், வியாழக்கிழமை, மழைக்காற்று அடித்தது. மிச்சத்தை அழிக்கப் போன முனியராஜை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

"ரெண்டு தட்டு கெடக்கு முதலாளி. மறந்துறாதீக" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான். அதை அவன் உங்களிடமும் சொன்னானாம். கூடப்பிறந்தவன் அப்படிச் செய்வானா என்று கேட்டு அவனை அடித்தீர்களாம்.

நான் மறக்கவில்லை. வெள்ளி காலையில் அவனை லோடு பார்க்க எம். புதுப்பட்டிக்கு அனுப்பினேன். பெண்கள் வேலைக்கு வருமுன், தம்பியைக் கூப்பிட்டு மருந்து அறையிலிருக்கும் தட்டுகளை எடுத்துவரச் சொன்னேன்.

"போர்மேன் இல்லையாண்ணே?"

"ரெண்டு தட்டுக்குப் போர்மேன் எதுக்குலே?"

சரி என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். கூட்டிப் பெருக்கும் கருப்பம்மாள் அன்று சீக்கிரமே வந்து பக்கத்து அறையில் இருந்திருக்கிறாள்; வெடித்ததில் அவளும் போய்விட்டாள். அது எனக்குத் தெரியாது. அவளுக்காக வருந்துகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அனுப்பிரியா மனுக் கொடுக்க என்னைச் சூலக்கரைக்கு அழைத்துப் போனாள். அவளே ஓட்டினாள். அத்தனை நாளும் வீட்டில் சார்ஜில் கிடந்த கார் அது. அலுவலக வாசலில் நின்றதும் உறுமியது.

"பயப்படாதீக அத்தான்" என்றாள். "பெட்ரோலு ரொம்ப நாளு டாங்கியில கெடந்தா கெட்டுப் போயிருமாம். அதனால சார்ஜ் இருந்தாலும் அப்பப்ப அதுவா ஓடிக்கிடும். அவுக உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை என்றேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

சொன்னான். அந்த வியாழக்கிழமை, முனியராஜை அனுப்பிவிட்டு நான் வீடு திரும்பியபோது வாசலுக்கே வந்துவிட்டான்.

"மூணு வாரமா உங்க மொகமே சரியில்லண்ணே. வண்டிச் சத்தந்தான் உறுத்துதா?" என்று கேட்டு, காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினான். சூலக்கரையைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்றும் நான் கேட்காமலேயே சொன்னான்.

நம்பினேன். அப்போது இருட்டக்கூட இல்லை, திரும்பிப் போய் இரண்டு தட்டையும் நனைத்துவிட்டு வர நேரம் இருந்தது. மறுநாள் காலை அவனை மருந்து அறைக்கு அனுப்பும்போது, அவன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.