உள்ளேயிருந்து குரல் வரும்வரை

ஓட்டல் அறைக் கதவை விரல் முட்டியால்தான் தட்ட வேண்டும். உள்ளங்கையால் தட்டினால், தப்பாக நினைக்காதீர்கள் ஐயா, போலீஸ் வந்த மாதிரி இருக்கும். தட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வந்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். ரோபோ செய்ய வந்த பொண்ணுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

நல்ல பொண்ணு. என் பின்னாலேயே மாடி மாடியாக ஏறி இறங்கினாள். "அண்ணா, தங்க வர்றவங்களுக்கு எது பிடிக்கும், எது எரிச்சலா இருக்கும், மறைக்காம சொல்லுங்க" என்றாள். நான் சொன்னதையெல்லாம் அந்த இயந்திரத்துக்குள் ஏற்றினாள். இடுப்பு உயரம், வயிற்றில் சாப்பாடு வைக்க இரண்டு அடுக்கு, முகத்தில் வெளிச்சமாக ஒரு சிரிப்பு. அதுவும் என்னை மாதிரியே ஓரடி தள்ளி நின்றது. குரல் கேட்டால்தான் பூட்டைத் திறந்தது. "உன் பிள்ளை நல்லா தேறிட்டான்யா, இனி நீ உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று சமையல்காரர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு போதும், அறையையும் காலி செய்துவிடு என்றார்.

அறை சலவைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வேலைக்கு நடுவே ஓடிப்போய் அவளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவேன். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். வேறெங்கே வேலை கிடைத்தாலும் இப்படி ஓடி வர முடியாது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொம்மையவே அனுப்பி வை, அது புரட்டட்டும். உன்னை மாதிரி முணுமுணுக்காதுல்ல" என்றாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆள் ஒருத்தன் வேண்டும் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா நெடுநாளாகத் தங்கியிருந்தார். அவருக்கு வேர்க்கடலை ஆகாது. சாப்பாட்டு மூடியில் அப்படிச் சீட்டு ஒட்டியிருக்கும். வயசான பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். முதன்முதலில் தடுமாறாமல் படித்தது அந்தச் சீட்டைத்தான். முன்பு ஒரு தடவை அந்த அம்மா தெரியாமல் கடலையைச் சாப்பிட்டு, முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. அதற்கென்றே அவர் இழுப்பறையில் வைத்திருந்த ஊசியை எடுத்து நான்தான் தொடையில் குத்தினேன். சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து, "நீ இல்லேன்னா நான் இல்லப்பா" என்றார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அவருடைய சூப்பில் கடலையைப் பொடித்துக் கலந்தேன். கொஞ்சம்தான். ரோபோ கொண்டுபோய்க் கொடுத்தது. நான் துண்டு அடுக்குகிற சாக்கில் அந்த நடையிலேயே நின்றேன்.

அவர் மணியை அழுத்தினார். மணி இப்போது ரோபோவுக்குத்தான் போகும். அது வந்தது, தட்டியது, ஓரடி பின்னால் போய் நின்றது. தொண்டை அடைத்துப்போனவருக்குக் குரல் எப்படி வரும். அது சிரித்த முகமாகக் காத்திருந்தது.

சாவி என் கையில் இருந்தது. உடனே போகலாம்தான். ஆனால் உடனே போனால், ரோபோவும் வந்தது, ஆளும் வந்தான் என்று ஆகிவிடும். அது தோற்றுத் திரும்ப வேண்டும், நடையிலிருக்கும் கேமராவில் அது பதிவாக வேண்டும், அதற்கப்புறம் நான் போனால்தான் போனதற்கு மதிப்பு. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. "நல்லா ஓய்வெடுங்க, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரோபோ திரும்பியது. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பிறகு திறந்தேன். கதவு முழுசாகத் திறக்கவில்லை. அவர் அதன் மேலேயே சாய்ந்திருந்தார். ஊசியை எடுத்துக் குத்தினேன். முறைப்படிதான் குத்தினேன்.

ரோபோவை நிறுத்திவிட்டார்களாம். தன் தவறு என்று அந்தப் பொண்ணு அழுகிறாளாம். அவள் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள் ஐயா. கடலையைக் கலந்தது நான். சாவியோடு வெளியே நின்றதும் நான்.

என் மனைவியை இப்போது யார் புரட்டுகிறார்களோ தெரியவில்லை. அந்த அறையை விட்டு அவளை விரட்டாமல் இருக்க, மேனேஜரிடம் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்த அம்மா மட்டும் இருந்திருந்தால் எனக்காகக் கட்டாயம் பேசியிருப்பார்.