மேலூர் லேத்தை நான் வாங்கிய விதம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நம்புவதில்லை. டீக்கடையில் போனில் பணம் அனுப்பினால், பெட்டி கத்திச் சொன்ன பிறகுதான் டீயை நீட்டுகிறான். ஜெயக்கொடி அப்படியில்லை. என்னை நம்பினாள். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

என் பெயர் பேயாண்டி, ஊர் ஒத்தக்கடை. மில்லில் முப்பது வருடம் இரும்பு கடையும் லேத்து மிஷினுக்கு எண்ணெய் போட்டவன். ஒருநாள்கூட அதை ஓட்ட என்னை விட்டதில்லை. வயசான பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத்து ஒன்று தேடினேன்.

மேலூரில் ஜெயக்கொடி வீட்டில் இருந்தது. போன வருடம் செத்துப்போன அவள் புருஷன் ஓட்டியது. விரலால் தடவிப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. ஆனாலும் "தேஞ்சு போச்சேம்மா" என்றேன். அது வியாபாரம். அதைக் குற்றத்தில் சேர்க்காதீர்கள்.

இடைஞ்சல் அவள் மகள் பவதாரிணிதான். ஐடிஐயில் இதே வேலை படிக்கிறாள்.

"விக்காதம்மா. ரெண்டு மாசத்துல படிப்பு முடியுது. நானே ஓட்டுவேன்."

ஜெயக்கொடிக்கு மனசு தடுமாறியது. "அம்மன்கிட்ட பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா விக்கிறேன், சிவப்பு வந்தா இல்ல. அண்ணே, நீங்க பெரியவரு, பொட்டலத்தக் கட்டுங்க."

"வாங்குறவரே கட்டுறதாம்மா?"

"வாய மூடுடி. சாமி காரியத்துல யாராச்சும் ஏமாத்துவாகளா?"

அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் லேத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நாளைக்கு அந்தப் பெண் விரலைக் கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? யோசித்துப் பார்த்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை மல்லியையே வைத்துக் கட்டினேன். "பிள்ளையே எடுக்கட்டும்" என்று சொன்னதும் நான்தான். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை மல்லியை அம்மாவிடம் நீட்டினாள். மற்றதை யாராவது பிரிக்குமுன், பிரசாதம் என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டேன். இலை, நார் எல்லாம் சேர்த்து. மல்லிக்கு வாசம் உண்டே தவிர ருசி கிடையாது.

லேத்து வீடு வந்தது. ஓட்டத்தான் முடியவில்லை. அதற்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டுமாம், என் வீட்டில் இல்லை. போர்வையைப் போர்த்தி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து மேலூர் ஜவுளிக்கடைக்கு வேட்டி எடுக்கப் போனால், மடித்துக் கொடுக்கிறவள் பவதாரிணி. படிப்பை விட்டுவிட்டாளாம்.

"என் கையாலதான தாத்தா எடுத்தேன். அம்மனே வேண்டாம்னுருச்சு."

அந்த வேட்டியை உடுத்த மனசு வரவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஆமாம், இரண்டும் வெள்ளை. அம்மன் வாயே திறக்கவில்லை, நான்தான் பேசினேன். மில்லில் என்னை ஓட்ட விடாததையும் சொன்னேன்.

"அட பாவி மனுசா" என்று ஜெயக்கொடி உட்கார்ந்துவிட்டாள். மகள் டெம்போ பிடித்து வந்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து லேத்தை ஏற்றிக்கொண்டு போனாள். படிப்பையும் மறுபடி பிடித்துக்கொண்டாள். போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். அவளிடமிருந்து போன்தான் வந்தது, ஒரு நடை வந்து போகச் சொல்லி.

போனேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒதுங்கி நின்றாள்.

"வாங்க தாத்தா, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். அம்புட்டு ஆசைப்பட்டீகல்ல."

கைப்பிடியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றாள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்" என்று வெளியே வந்து நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தும், அந்தப் பெண் எனக்கு என்ன குழி வெட்டி வைத்திருந்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.