யாருமே ஜெயிக்காத ஆட்டம்

புஷ்பா: இன்னிக்கும் ஒருத்தரும் ஜெயிக்கல.

ரகுநாதன்: மெதுவா பேசுங்க டீச்சர். சாமுண்டீஸ்வரி இன்னும் வாசல்ல செருப்பு தேடிக்கிட்டு நிக்கறாங்க.

புஷ்பா: தேடட்டும். சொம்புல இருந்த சீட்டு மொத்தத்தையும் படிச்சாச்சு சார். அ-விலேருந்து ஒவ்வொரு எழுத்தா, தொண்டை வத்தற வரைக்கும். இருபது பேர் கையில அட்டை இருக்கு. ஒரு அட்டை கூடவா ரொம்பாது?

ரகுநாதன்: எழுத்து தெரிஞ்சாத்தானே கட்டத்துல புளியங்கொட்டை வைப்பாங்க...

புஷ்பா: அப்ப இத்தனை மாசமா நான் என்ன சொல்லிக்குடுத்தேன்?

ரகுநாதன்: வர்றாங்கல்ல? அதை நெனைச்சுப் பாருங்க. இந்த ஆட்டம் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கொட்டகையில யார் இருந்தா? நீங்க, நான், கரும்பலகை.

புஷ்பா: ஒரு ஆடு.

ரகுநாதன்: ஆமா, ஆடு. அது மட்டும் லீவே போடல.

புஷ்பா: சிரிக்காதீங்க சார். உங்க ஆவடி ஃபேக்டரி ஆபீசருங்க கிளப்ல நம்பர் வச்சு தம்போலா ஆடறாங்க, நாம எழுத்து வச்சு ஆடலாம்னு சொன்னது நீங்க. பகல் முழுக்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல டைப் அடிச்சுட்டு வந்து, எண்பத்தாறாம் வருஷ காலண்டர் அட்டையை எல்லாம் வெட்டினது நான். விரல்ல கொப்புளம்.

ரகுநாதன்: ஆட்டத்துல தப்பில்ல டீச்சர்.

புஷ்பா: அப்ப எதுல? நாளைக்கு சங்கத்துலேருந்து பார்த்தசாரதி சார் வர்றார். 'உங்க பொம்பளைங்கள்ல ஒருத்தராவது எழுந்து நின்னு சீட்டைப் படிப்பாங்களா'ன்னு தான் கேப்பார். இல்லைன்னா இந்த முதியோர் கல்வி மையத்தை மூடிட்டு, விளக்கையும் பலகையையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவார்.

ரகுநாதன்: மூடறேன்னே சொன்னாரா?

புஷ்பா: 'கூட்டம் சேக்கறதுக்கு சங்கம் எதுக்கும்மா, சினிமா கொட்டகை இருக்கே'ன்னார். வேற எப்படி சொல்வாங்க?

ரகுநாதன்: ... அந்த விதியை எடுத்துடலாமா? ஜெயிச்சவங்க மறுநாள் எல்லார் முன்னாடியும் சீட்டு படிக்கணும்கறதை? அதுக்கு பயந்துகிட்டே தோக்கறாங்களோ என்னவோ. சோப்பு டப்பா பரிசோட நிறுத்தியிருக்கணும்.

புஷ்பா: டப்பாவுக்காக வர்றவங்க டப்பா கிடைச்சதும் நின்னுடுவாங்கன்னு விதி போட்டதே நீங்க தான். 'மூணு பேர் சீட்டு படிச்சிட்டா இந்த ஆட்டத்தை நீங்களே நடத்திக்கலாம், நான் திருநின்றவூர் போய் அடுத்த மையம் ஆரம்பிப்பேன்'னு மொத நாளே அவங்ககிட்ட வீராப்பு வேற.

ரகுநாதன்: பேசினேன், ஒத்துக்கறேன்... நேத்து குப்பம்மாக்கா அட்டையைப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம் தான் பாக்கி. 'கு'. நீங்களும் 'கு'ன்னு படிச்சீங்க. கொட்டையை வைக்கல. மூக்குத்தியைத் திருகிக்கிட்டு கூரையைப் பார்த்தாங்க.

புஷ்பா: தன் பேரோட மொத எழுத்தே தெரியலையா? போச்சு... நான் தான் தோத்துட்டேன் சார்.

ரகுநாதன்: அழாத... அழாதீங்க டீச்சர். அந்தம்மாவுக்கு இன்னும் செருப்பு கிடைக்கல போல.

*

குப்பம்மா: பூட்டாரா அந்த சங்கத்து சாரு?

புஷ்பா: ஸ்கூட்டர் ரயில்வே கேட்டைத் தாண்டிடுச்சு குப்பம்மாக்கா.

குப்பம்மா: அப்பாடா! இனிமே காலை நீட்டிக்கலாம். இன்னா சொன்னாரு?

ரகுநாதன்: மையம் இங்கேயே இருக்கட்டும்னார். புதுசா ஒரு அரிக்கேன் விளக்கும் தர்றாராம்.

குப்பம்மா: தரட்டும், தரட்டும். பழசு ஒரே பொகை. சரி, ஊட்ல உலை வச்சுட்டு வந்துகீறேன்...

புஷ்பா: எங்க நழுவறீங்க? உக்காருங்கக்கா. நேத்து வரைக்கும் ஒரு அட்டை கூட ரொம்பல. இன்னிக்கு அவர் சீட்டு எடுக்க எடுக்க வேம்புலியம்மா 'ரொம்பிச்சி'ங்கறாங்க, சாமுண்டீஸ்வரி 'ரொம்பிச்சி'ங்கறாங்க... நீங்க எழுந்து போய் அவர் கையிலேருந்து சொம்பையே பிடுங்கிட்டீங்க!

குப்பம்மா: பின்னே? ஒவ்வொரு சீட்டையும் கண்ணாடிகிட்ட வச்சுகினு, தூர வச்சுகினு... பொழுது பூடும்னு நானே படிச்சேன்.

ரகுநாதன்: சீட்டோட விட்டீங்களா? அவர் மஞ்சப் பையில இருந்த ஜவுளிக்கடை பேரு, தெரு பேரு, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' வரைக்கும் படிச்சீங்க.

குப்பம்மா: அதான் பெருசா போட்டுகினு கீதே சார்.

புஷ்பா: எத்தனை நாளா தெரியும்?

குப்பம்மா: இன்னாது?

புஷ்பா: படிக்க!

குப்பம்மா: ஆடி மாசம் அம்மனுக்கு கூழ் ஊத்துனாங்களே... அந்த நோட்டீசையே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். சாமுண்டி எனக்கும் முன்னாடி.

ரகுநாதன்: அப்ப அந்த 'கு'?

குப்பம்மா: எம் பேரு எழுத்து சார் அது, எனக்குத் தெரியாதா? வைடி வைடின்னு கை அரிக்குது. மூக்குத்தியத் திருகித் திருகி மூக்கே புண்ணாப் பூட்ச்சு.

புஷ்பா: ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நேத்து நான்...

குப்பம்மா: அழுதே. சாமுண்டி பாத்துட்டு வந்து சொன்னா. மையத்த மூடப் போறாங்கன்னதையும் கேட்டுகினு தான் வந்தா. காலைல கொழாயடியில பேசினோம். எடமே பூட்ச்சுன்னா தோத்து இன்னா புண்ணியம், ஜெயிச்சுத் தொலைக்கலாம்னு முடிவு பண்ணோம்.

புஷ்பா: அதைத் தான் கேக்கறேன். எதுக்குத் தோத்தீங்க?

குப்பம்மா: நம்ம சாரு தானே சொன்னாரு, மூணு பேரு படிச்சா திருநின்றவூரு பூடுவேன்னு?

ரகுநாதன்: நான் போறதுக்கும் நீங்க தோக்கறதுக்கும்...

குப்பம்மா: நீ சும்மா இரு நைனா. நீ சீட்ட எடுத்து நீட்டுவே, இது வாங்கிப் படிக்கும். இம்மாம் துண்டுச் சீட்டு... ஆளுக்கொரு முனையப் புடிச்சுகினு ரெண்டு பேரும் வுடவே மாட்டீங்க. இருபது பொம்பளைங்க எதிர்ல குந்தினு கீறோம், எங்களுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?

ரகுநாதன்: அக்கா...

குப்பம்மா: இன்னிக்கு சொல்லுவாரு, நாளிக்கு சொல்லுவாருன்னு பாத்தா, நீ 'டீச்சர்'ங்கறே, அது 'சார்'ங்குது. தீவாளியே வந்துட்ச்சு! இந்த லட்சணத்துல நீ ஊரு மாறிப் பூட்டா எப்ப சொல்லி, எப்ப கல்யாணம் நடக்கறது? அதான் ஒருத்தரும் ஜெயிக்கறதில்லன்னு பேசி வச்சுகினோம். பஞ்சவர்ணத்துக்கு மட்டும் சோப்பு டப்பா மேல ஆசை. வாயத் தொறக்கும்போதெல்லாம் தொடையில கிள்ளி வச்சோம்.

ரகுநாதன்: அடக் கடவுளே!

குப்பம்மா: கடவுள அப்பால கூப்பிடு. திங்கக்கெழமையே திருநின்றவூர்ல ஆட்டத்த ஆரம்பின்னு அந்த சாரு சொன்னது என் காதுல வியுந்துச்சு. இனிமே தோத்தும் புண்ணியமில்ல. இப்பவே சொல்லிடு. வோணும்னா நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்.

ரகுநாதன்: புஷ்பா... நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

குப்பம்மா: இன்னாது... புஷ்பாவா? 'நீ வா போ'வா? இது எப்பத்துலேருந்து?

புஷ்பா: ஆவணியிலேருந்துக்கா... ரெண்டு வீட்லயும் பேசி, தாம்பூலம் மாத்தி, தை மாசம் முகூர்த்தமும் குறிச்சாச்சு. விஷயம் தெரிஞ்சா உங்க வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லி உங்களை அனுப்பாம நிறுத்திடுவாங்களோன்னு பயந்துகிட்டு, இங்க 'சார்', ஆவடி ரயில்ல ஏறினப்புறம் தான்க்கா ரகு.