மெக்கானிக் தோழரின் துப்பாக்கி

— சிரிக்காதீங்க ஐயா. துப்பாக்கியோட ஒரு படம் எடுத்துத் தாங்கன்னுதான் கேட்டேன். கல்யாண ஆல்பமா கேட்டேன்?

— சிரிக்கலைம்மா. மேல பாத்தா என் வாய் தானா அப்படிப் போகும். நம்ம ஸ்டுடியோவோட கண்ணாடிக் கூரைமேல ஒரு மேகம் வந்து படுத்திருக்கு பாருங்க, எருமை மாதிரி. அது எழுந்து போனாத்தான் வெளிச்சம்.

— விளக்கு போட்டு எடுங்க. அஞ்சு மணிக்கு நாங்க பாட்டில் ஃபேக்டரி வாசல்ல நிக்கணும்.

— விளக்குல எடுத்தா பாஸ்போர்ட் படம் மாதிரி முழிப்பீங்க. சுவத்துல ஒட்டறதுக்குன்னு சொன்னீங்களே? ஒரு படி நான் இறங்கறேன், ஒரு படி நீங்க இறங்குங்க. மேகம் போற வரைக்கும் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அந்த நீள மூட்டையை மட்டும் கேமரா பக்கம் திருப்பாதீங்க. மூணு காலு, ஒத்தைக் கண்ணு. பாவம், பயந்துடும்.

— கேமராவா, நீங்களா?

— ரெண்டு பேரும்தான்.

— இன்னும் குண்டு போடலை. ரெண்டு பேர் கொண்டு வராங்க.

— என்ன அளவு குண்டு?

— பிரிச்சாத்தான் தெரியும். எங்கம்மா கித்தான் துணியில சுத்தி நாலு பக்கமும் தைச்சு வச்சது. அவங்க இருந்த வரைக்கும் யாரையும் தொட விடலை. உங்க கேமரா முன்னாடிதான் பிரிக்கணும்னு சங்கத்துல முடிவு.

— செருப்பு வாங்கறவன்கூட கால் அளவு தெரிஞ்சுக்கிட்டுத்தான்மா கடைக்குள்ள வருவான்.

— நல்லா கிண்டல் பண்ணுங்க. உலைக்குப் பக்கத்துக் கதவை வெளிய பூட்டி வச்சாங்க. தீப்பிடிச்சப்ப உள்ள மூணு பொம்பளைங்க வெந்து போனாங்க. அதுல ஒருத்தி எனக்கு எதிர்ல நின்னு பாட்டில் அடுக்கினவ. பதினேழு மனு குடுத்தோம். பதினேழுலயும் ‘பெறப்பட்டது’ன்னு முத்திரை குத்தினாங்க. கதவு இன்னைக்கும் பூட்டித்தான் இருக்கு. இதுக்கும் ஒரு கிண்டல் வச்சிருக்கீங்களா?

— இல்லைம்மா. அதுக்கு என்கிட்ட சரக்கு இல்லை.

— அப்ப எடுங்க. மெக்கானிக் தோழர் படத்துல இருக்கற மாதிரியே. பின்னால காடு, அருவி. இனிமே எங்களுக்கு அவர் போன வழிதான்.

— எல்லாச் சுவத்துலயும் ஒட்டியிருக்கே, அந்தப் படமா?

— அதேதான். மலைக்காட்டுல எடுத்தது.

— காடுதான். இதோ உங்க முதுகுக்குப் பின்னால தொங்குதே, அந்தக் காடு. எங்க மாமனார் வரைஞ்ச திரை. ஒரே வானத்துல சூரியனையும் வச்சார், நிலாவையும் வச்சார். ஏன்னு கேட்டா, வர்றவங்களுக்கு எது பிடிக்குதோ அதுக்குக் கீழ நிக்கட்டுமேன்னார். மத்தியானம் இங்க கண்ணசந்தா எனக்கு அருவிச் சத்தம் கேக்கும். எழுந்தா தரை ஈரமா இருக்கற மாதிரி கால் கூசும்.

— கதை விடாதீங்க.

— அருவியை வேணா தள்ளுபடி பண்ணிக்குங்க. படம் நான் எடுத்ததும்மா. அன்னைக்கும் இதே மாதிரி ஒரு மேகம். சைக்கிள் ரிப்பேர் கடையிலிருந்து நேரா வந்தார், நகமெல்லாம் கிரீஸ். ‘என் பேச்சைக் கேக்கப் பதினோரு பேர்தான் வராங்க, ஒரு படம் இருந்தா எடுபடும்’னார். கையில ஏதாவது பிடிச்சுக்குங்க, எடுப்பா இருக்கும்னு நான்தான் சொன்னேன்.

— எதைப் பிடிச்சுக்கச் சொன்னீங்க?

— அந்த அலமாரியைப் பாருங்க. படம் எடுத்துக்க வர்றவங்க கையில குடுக்கற சாமான். ஒவ்வொண்ணுக்கும் அடியில நீலப் பெயிண்ட்ல ஒரு நம்பர். பன்னெண்டு வயலின். பதிமூணு டெலிபோன். பதினஞ்சு பூ ஜாடி.

— பதினாலு?

— துப்பாக்கி. கூட்டத்துல ஒரு தடவை காட்டிட்டு வெள்ளிக்கிழமை திருப்பித் தரேன்னு வாங்கிட்டுப் போனார். எந்த வெள்ளிக்கிழமைன்னு நான் கேட்டு வச்சிருக்கணும்.

— பொம்மைத் துப்பாக்கியா?

— பொம்மைன்னு சொல்லாதீங்க, மாமனாருக்குக் கோபம் வரும். தேக்குல செதுக்கினார். குழாய்க்குள்ள ஈயம் காய்ச்சி ஊத்தினார். எடை இல்லாத சாமானைப் பிடிச்சா தோள் பொய் சொல்லும், படத்துல மாட்டிக்கும். அதைத் தூக்கினதும் மெக்கானிக்கோட தோள் இறங்கின அழகு இருக்கே... ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்.

— அப்ப அந்தப் படம் பொய்.

— எடுத்த அன்னைக்குப் பொய். ஒரே மாசத்துல முன்னூறு பேர் வந்து நின்னாங்க. அப்புறம் மனுஷன் எப்படிம்மா கடைக்குத் திரும்பிப் பஞ்சர் ஒட்டுவார்? படத்துல இருக்கற ஆள் முன்னால போறான், இவர் அவன் பின்னாலயே ஓடறார். மலை வரைக்கும் ஓடினார்.

— ஓடினதாலதான் இந்த ஊருக்கு எட்டு மணி நேர வேலை வந்தது.

— அது துறைமுகத்து ஆளுங்க நாப்பது நாள் ஒரு மூட்டையைக்கூடத் தொடாம உக்காந்து வாங்கினது. படம் எடுக்கப் போனேன். மூவாயிரம் பேர். ஃப்ரேமுக்குள்ள அடங்கலை. பின்னால போனேன், இன்னும் பின்னால போனேன், கடைசியில கடல்ல காலை வச்சுட்டு நின்னுட்டேன். படம் இல்லை. அதான் யாருக்கும் ஞாபகமும் இல்லை.

— உக்காந்தவங்ககிட்ட முதலாளி எதுக்கு இறங்கி வந்தான்? மலையில ஒருத்தர் துப்பாக்கியோட நிக்கறார்ங்கற பயத்துல. எங்கப்பா அங்க நிக்கலைன்னா நாப்பது வருஷம் உக்காந்திருப்பாங்க.

— இந்தப் பேச்சுல எடை இருக்கு, ஒத்துக்கறேன். ...என்ன சொன்னீங்க? உங்கப்பாவா?

— சொல்ல வேண்டாம்னுதான் வந்தேன்.

— அதான் அந்த முகவாய்! இதை எங்கேயோ ஃபோகஸ் பண்ணியிருக்கோமேன்னு வந்ததுலருந்து பாக்கறேன்.

— முகவாய் இருக்கட்டும். நீங்க குடுத்தது மரமாவே இருக்கட்டும். ஆத்துப் பாலத்துல அவர் கையில இருந்தது மரமில்லை. பட்டாளத்தை ஒரு மணி நேரம் தனியா நிறுத்தி வச்சார். அதுக்குள்ள அவரோட ஆளுங்க நாப்பது பேர் தப்பிச்சுட்டாங்க. அப்புறம்தான் அவரைச் சுட்டாங்க.

— பட்டாளத்துப் பக்கம் எத்தனை பேர் செத்தாங்க?

— ஒருத்தனுக்குக் கீறல்கூட இல்லை. சுடத் தெரியாதவன்னு அவங்க எழுதினாங்க. கருணைன்னு எங்க ஆளுங்க பாட்டே கட்டியிருக்காங்க.

— இந்த மூட்டை எப்படி வந்தது?

— மறுநாள் ஒருத்தர் பாலத்துக்கு அடியில கிடந்ததுன்னு எடுத்துட்டு வந்து குடுத்தார். அம்மா கதவைச் சாத்திக்கிட்டுப் பாத்தாங்க. வெளிய வந்தப்ப தைச்சு முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பாட்டை யார் பாடினாலும் எழுந்து உள்ள போயிடுவாங்க.

— ஃபேக்டரி வாசல்ல காவலுக்கு எத்தனை பேர்?

— எட்டு. எட்டு பேர் கையிலயும் துப்பாக்கி. நான் தூக்கினா அவங்களும் தூக்குவாங்க, தெரியும். பின்னால இருநூறு பேர் வருவாங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

— மேகம் நகருதும்மா.

— எடுக்கறீங்களா, இல்லையா?

— எடுக்கறேன். ஒரே ஒரு படி இறங்குங்க. முழுசாப் பிரிக்க வேண்டாம். தோள்ல வைக்கற கட்டைப் பக்கத்துத் தையலை மட்டும் வெட்டுங்க. இந்தாங்க கத்தரி.

— எதுக்கு?

— கிழவன் ஆசைன்னு வச்சுக்குங்களேன்.

— அம்மா தையல், லேசுல விடாது... ம். வந்துடுச்சு.

— வெளிச்சமும் வந்துடுச்சு. அடியில பாருங்க.

— ஐயா.

— சொல்லுங்கம்மா.

— நீலத்துல பதினாலுன்னு போட்டிருக்கு.

— எங்க அலமாரிச் சாமான்தான்மா.

— இதை வச்சுக்கிட்டா ஒரு மணி நேரம் நின்னார்?

— நின்னிருக்கார்.

— அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரியும்.

— உக்காருங்கம்மா. தண்ணி தரேன். இந்த வெளிச்சம் பத்து நிமிஷம் தாங்கும். படம் எடுக்கலாமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

— இதை அதோட இடத்துல வச்சுடுங்க. டெலிபோனுக்கும் பூ ஜாடிக்கும் நடுவுல. வச்சுட்டு, அந்தக் கேமராவைத் தூக்குங்க.

— எங்கம்மா?

— ஃபேக்டரி வாசலுக்கு. இருநூறு பேரும் கீழ உக்காரப் போறோம். அடங்கற வரைக்கும் பின்னால போய்க்கிட்டே இருங்க. இந்தத் தடவை கடலே வந்தாலும் நிக்காதீங்க.