மூன்றாம் நாள் மணல்திட்டு

படகில் போகிறவர்கள் இஞ்சி மரப்பா வைத்துக்கொள்வது நல்லது. அந்தமானில் பாய்மரப் படகில் மூன்று நாள் சுற்றியபோது எனக்கு ஒரு தடவைகூடக் குமட்டவில்லை.

யாரும் வற்புறுத்தாமல், விருத்தாசலத்தில் என் வீட்டில் உட்கார்ந்து இதை அந்தமான் காவல் அதிகாரிக்கு எழுதுகிறேன். என் பெயர் பாலகிருஷ்ணன். வயது அறுபத்தெட்டு. பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருக்கிறேன். 2008 ஜனவரியில் இளைய மகன் அன்பரசன் எங்களை அழைத்துப்போனான். நான், மனைவி பெரியநாயகி, மூத்த மருமகள் வேல்விழி. மூத்தவன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் எங்களோடுதான் இருந்தாள்.

தீவுகள் அழகாகவே இருந்தன. சூளையிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மை மினுங்குமே, கடல் அந்த நிறம்.

இரண்டாம் நாள் பெரியநாயகி மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம சூளையில அச்சு ஊத்துறானே பழமலைநாதன், அவனை வேல்விழி கட்டிக்கப் போறாளாம். கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டாளாம். கோவப்படாதீங்க. சின்ன வயசுங்க."

பிராது என்பது சாமிக்கு எழுதும் மனு. என் வீட்டுப் பெண்ணின் பெயரும் என் கூலியாளின் பெயரும் ஒரே தாளில் ஊர்க் கோயிலில் தொங்குகின்றன. நான் கோபப்படவில்லை. யோசித்தேன்.

மூன்றாம் நாள் ஒரு மணல்திட்டில் இறங்கினோம். படகோட்டி ராஜாங்கம் எச்சரித்தார்.

"மூணு மணிக்குக் கிளம்பிடணும் பெரியவரே. அப்புறம் திட்டு இருக்காது, தண்ணிதான் இருக்கும்."

"வேட்டி நனையாம கடல் பாத்த ஒரே ஆளு எங்க அப்பாதாங்க" என்று அன்பரசன் சிரித்தான்.

வேல்விழி சிப்பி பொறுக்கத் திட்டின் ஓரத்தில் இருந்த பாறைக்குப் பின்னால் போனாள். மூன்று மணிக்கு மற்றவர்கள் ஏறினோம்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா? அந்தம்மா?"

"அது அப்பவே ஏறிக் கீழ படுத்திருக்குது. எடுங்க."

எங்கள் வீட்டில் மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் உட்காருவதில்லை. மூன்று நாளும் நான் மேல்தளத்தில் இருந்தபோதெல்லாம் அவள் கீழ் அறையில்தான் இருந்தாள். அதனால் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னதைச் சரிபார்க்கும் வழக்கமும் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெரியநாயகி அவளுக்கு டீ கொண்டுபோனாள்; கீழ் அறையில் அவள் இல்லை. படகைத் திருப்பினார்கள். அந்த இடத்தில் பாறையின் முனை மட்டும் தெரிந்தது.

தலையை எண்ணாமல் கிளம்பியதற்காக ராஜாங்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் கேட்டார். பொய் சொன்னது நான். தெரிந்தேதான் சொன்னேன். அவரை விட்டுவிடுங்கள், என் பொருட்டு இன்னொருவர் சிறையில் இருப்பது எனக்குக் கௌரவம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. படகு நகர்ந்தபோது அவள் பாறையைச் சுற்றி ஓடி வந்தாள். "மாமா, மாமா" என்று கத்தினாள். பாய் விரிக்கும்வரை ஓடும் என்ஜினின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. பின்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். நனைந்த சேலையில் நிற்கும் மருமகளை மாமனார் பார்ப்பது முறையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.